டெமோ ஃபாண்டில் லோகோ செய்து முடித்த பிறகு

தோழி லோகோவைப் பார்த்து "இதேதான் வேணும்" என்று சொன்ன அன்று இரவுதான், இலவச டெமோ ஃபாண்டோடு ஜிப்பில் வந்திருந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தேன். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகத்துக்குக் கூடாது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. மூன்று நாள் வேலை போச்சு.

அவள் வீட்டிலேயே செய்யும் சோப்புகளுக்கான லோகோ அது. பேனாவை எடுக்காமல் எழுதின மாதிரி கர்சிவ் எழுத்து, கடைசி எழுத்திலிருந்து வால் ஒன்று சுழன்று பெயருக்கு அடியில் ஓட வேண்டும். அந்த வாலுக்காகத்தான் இந்த ஃபாண்டே. வேறு எதற்கும் மாற மாட்டேன் என்றாள்.

ஃபாண்டை வடிவமைத்தவருக்கு மெயில் போட்டேன். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. உரிமம் வாங்கியாச்சு. ஆனால் அது கணினியில் வைத்து லோகோ, அச்சு வேலை செய்ய மட்டும். இணையதளத்தின் தலைப்புகளுக்கும் இதே ஃபாண்டை ஏற்ற வேண்டுமானால் வெப்ஃபாண்ட் உரிமம் தனி. லோகோவை மட்டும் படமாகப் போட்டு விட்டுவிட்டோம். இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் கிரேட் வைப்ஸ், அல்லுரா, அலெக்ஸ் பிரஷ் பாருங்கள். மூன்றும் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் இருப்பவை, வணிக லோகோவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

டெமோவில் எண்களுக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான் வந்தன. வாங்கிய முழு ஃபாண்டை நிறுவிய பிறகும் அப்படியே. ஏமாந்துவிட்டோமோ என்று அரை நாள் புலம்பல். கடைசியில் பார்த்தால் டெமோவுக்கும் இதற்கும் ஒரே பெயர். நான் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் பழையதையே எடுத்துக்கொண்டிருந்தது. டெமோவை முதலில் நீக்குங்கள், அப்புறம் புதியதைப் போடுங்கள்.

அடுத்து அவளிடமிருந்து போன். வேர்டில் பெயரைத் தட்டினால் எழுத்துகள் ஒட்டவில்லையாம். கர்சிவில் ஓ (o), பி (b), வி (v), டபிள்யூ (w) நான்கும் மேலே முடியும். மற்றவை கீழே முடியும். அடுத்த எழுத்து அதற்கேற்ப வேறு வடிவம் எடுக்க வேண்டும். அதைச் செய்யும் 'கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்' வேர்டில் ஃபாண்ட், அட்வான்ஸ்டு பக்கத்தில் டிக் போட்டால்தான் வேலை செய்யும். நானும் யோக்கியமில்லை. கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று எழுத்து இடைவெளியைக் கூட்டி, எல்லா இணைப்புகளையும் நானே பிய்த்து வைத்திருந்தேன். கர்சிவில் அந்த எண் பூஜ்யமாகவே இருக்கட்டும்.

பெரிய அடி விழுந்தது ஸ்டிக்கரில். எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றி அனுப்பிவிட்டேன், போதும் என்று நினைத்தேன். ஒவ்வொரு எழுத்தின் வாலும் அடுத்த எழுத்தின் மேல் ஏறி நிற்பது திரையில் தெரியாது, ஒரே கறுப்பு. வெட்டும் இயந்திரத்துக்கு அது இரண்டு தனிக் கோடு. இணைப்பு ஒவ்வொன்றிலும் கத்தி குறுக்கே போய், பெயர் துண்டு துண்டாக உரிந்து வந்தது. இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டரில் யுனைட் ஒரு கிளிக் செய்திருந்தால் எல்லாம் ஒரே வடிவமாகச் சேர்ந்திருக்கும். அந்த ஒரு கிளிக்குக்காக ஒரு முழு ரோல் வீண்.

சின்ன லேபிளில் மெல்லிய கோடுகள் அச்சில் காணாமல் போயின. அதற்கு மட்டும் கால் பாயிண்ட் கனம் கூட்டிய தனி ஃபைல் வைத்தேன்.

இரண்டாவது தடவை வெட்டி வந்ததை அவளே உரித்தாள். முதல் எழுத்திலிருந்து அந்த வால் நுனி வரை ஒரே துண்டாக வந்தது.