பிராக் போனால் யோசெஃபோவைத் தவறவிடாதீர்கள்

செக் நாட்டின் தலைநகர் பிராக்குக்குப் போகிற எல்லோரும் முதலில் போய் நிற்கிற இடம், பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள வானியல் கடிகாரம். 1410இல் செய்தது. மணி ஆனதும் ஓர் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணியடிக்கும். மேலே இரண்டு சன்னல்கள் திறந்து இயேசுவின் சீடர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் பொன் சேவல் கூவும், அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்று முகப்பைப் பாருங்கள். வெளி வளையத்தில் இருக்கும் 24 எண்களும் பழைய செக் நேரத்தைக் காட்டுபவை. அந்தக் காலத்தில் அங்கே சூரியன் மறைவதில் இருந்துதான் நாளைக் கணக்கிட்டார்கள். சூரியன் மறையும் நேரம் தினமும் மாறுகிறது அல்லவா, அதற்கேற்ப அந்த வளையமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கடிகாரம் இருக்கும் நகர மண்டபத்தை ஒட்டித் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகளைப் பதித்திருக்கிறார்கள். ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியை எதிர்த்து 1620இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற தலைவர்களில் 27 பேருக்கு, மறு வருடம் ஜூன் 21 அன்று இந்தச் சதுக்கத்தில்தான் மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

சார்லஸ் பாலத்துக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சிலைகளைவிட செல்ஃபி குச்சிகள்தான் கண்ணில் படும்.

சரி, நான் சொல்ல வந்தது யோசெஃபோவ் பற்றி. சதுக்கத்தில் இருந்து நடந்தே போய்விடலாம், பழைய யூதக் குடியிருப்பு. பெரும்பாலான வீடுகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இடிக்கத் தொடங்கி அகலமான தெருக்கள் போட்டுவிட்டார்கள். தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் தப்பின. தோட்டத்துக்கு வெளியே இடம் கிடைக்காததால், புதைத்த இடத்தின் மேலேயே மண் கொட்டி மறுபடியும் புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கல்லை மேலே தூக்கி நட்டார்கள். அதனால் 12,000 கற்கள் வரை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சாய்ந்துகொண்டு நிற்கின்றன. இங்கே உள்ளவற்றில் மிகப் பழைய கல் 1439ஐச் சேர்ந்தது.

பக்கத்திலேயே பிங்காஸ் தொழுகைக்கூடம். உள்ளே அலங்காரம் எதுவும் இல்லை, சுவர் முழுக்கப் பெயர்கள். இன்றைய செக் நாட்டின் பகுதிகளான போஹிமியா, மொராவியாவில் இருந்து நாஜிகள் கொன்ற யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், அதன் பின்னால் ஆளின் பெயரும் பிறந்த தேதியும் கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதியும் கறுப்பில். ஒரே குடும்பப் பெயரின் கீழ் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று அடுத்தடுத்து வரும்போது, கண் தானாகப் பிறந்த வருடங்களைத் தேடுகிறது. 1936, 1939. அதற்கு மேல் என்னால் வரிசையாகப் படிக்க முடியவில்லை.

இந்தப் பெயர்களை முதலில் 1950களில் எழுதினார்கள். நிலத்தடி நீர் கசிந்து சுவர் பாழாகிவிட்டது. 1968க்குப் பிறகு கட்டிடத்தை மூடியும் வைத்திருந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு 1992இல் ஆரம்பித்து நான்கு வருடத்தில் அத்தனை பெயர்களையும் மறுபடி எழுதி முடித்தார்கள். இவ்வளவு பொறுமையான மரியாதையை நான் வேறு எந்த நினைவிடத்திலும் பார்த்ததில்லை.

மாடியில், நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளின் ஓவியங்கள். அங்கே அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃப்ரீட்ல் டிக்கர் பிராண்டைஸ். 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டார். அதற்கு முன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அதனால்தான் இன்று அவை நம் கைக்கு வந்திருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த மாடிக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் முதலிலேயே கொஞ்சம் சொல்லிவைத்துவிடுங்கள்.

சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் இவை எல்லாம் மூடியிருக்கும். வார இறுதியில் போகிறவர்கள் சனிக்கிழமை பிராக் கோட்டையைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்குங்கள். கோட்டைக்கு ஏறி நடக்கத் தேவையில்லை, 22ஆம் எண் டிராம் மேலேயே கொண்டுபோய் விடும்.