கத்திரிப் பூவும் என் சிமெண்ட் தரையும்

ஐந்து கத்திரிச் செடியும் பூத்துத் தள்ளின. பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஊதாப் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடக்கும். சத்து போதவில்லையோ என்று உரம் வைத்தேன், ஈரம் அதிகமோ என்று தண்ணீரைக் குறைத்தேன். மூன்றாவது வாரம்தான் உறைத்தது: செடிப் பக்கம் சத்தமே இல்லை.

எனக்குக் காதுதான் பிழைப்பு. பழுதான ஹார்மோனியங்களைப் பிரித்துச் சுருதி சேர்த்துக் கொடுக்கிற வேலை. அதனால், இரண்டு வருஷம் முன்புவரை அங்கே வந்துகொண்டிருந்த ஒரு தேனீ எனக்கு முகத்தைவிடக் குரலால்தான் பழக்கம். வயிற்றில் நீல வரி போட்ட, கொழுகொழுவென்ற தேனீ. பறக்கும்போது கீழே ஒரு சுரத்தில் ரீங்கரிக்கும். கத்திரிப் பூவைப் பிடித்ததும் சத்தம் சட்டென்று மேலே ஏறும். ‘ஸ்ஸீ’ என்று ஒரு கீச்சல், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு கீச்சல். பூவுக்குள் சிக்கிக்கொண்டு தவிக்கிறது என்றே ரொம்ப நாள் நினைத்தேன்.

அது தவிப்பு இல்லை, வேலை. கத்திரி, தக்காளிப் பூக்களின் நடுவே மஞ்சளாகக் கூம்பி நிற்பவை மகரந்தப் பைகள். மற்ற பல பூக்களில் மகரந்தம் வெளியே தூசியாக ஒட்டியிருக்கும். இவற்றில் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். கத்திரியின் பை முழுக்கப் பவுடர் டப்பா மாதிரிதான், நுனியில் மட்டும் ஓட்டை. குலுக்கினால்தான் கொட்டும். தேனீ அந்தக் கூம்பைத் தாடையால் கவ்வி, இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடுகிறது. நீலவரித் தேனீ ஒரு படி மேலே. ஆஸ்திரேலியாவில் அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, நொடிக்குச் சுமார் 350 தடவை தலையாலேயே பூவை முட்டுவது தெரிந்தது. பெட்டி வைத்து வளர்க்கிறோமே தேனீ, அதற்கு இந்தக் குலுக்கல் வித்தை தெரியாது. கூடு கூடாகக் கொண்டுவந்து வைத்தாலும் என் கத்திரிக்கு அதனால் பெரிய உபகாரம் இல்லை.

சரி, வந்துகொண்டிருந்தது ஏன் நின்றது? விடை தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. செடிகளுக்குப் பின்னால் ஒரு துண்டு கட்டாந்தரை இருந்தது. புல்கூட முளைக்காத, மழை பெய்தால் வழுக்குகிற இடம். அதில் பென்சிலால் குத்தியது போலச் சில ஓட்டைகள். எறும்புப் புற்று என்று நினைத்துச் சிமெண்ட் போட்டு மூடினேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று பெருமை வேறு.

உலகத்தில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. மெழுகு அடை கட்டி, ராணியும் கூட்டமுமாகத் தேன் சேர்ப்பவை அதில் சொற்பம். பெரும்பாலானவை தனிக்கட்டை. ஏறக்குறைய பத்தில் ஏழு இனம் மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருப்பவை. பெண் தேனீ ஒற்றை ஆளாகத் தோண்டி, அறைக்கு ஒரு மகரந்த உருண்டை வைத்து, ஒரு முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு பல மாதம் உள்ளேயே வளர்ந்து, பருவம் வந்ததும் மேலே வரும். நான் சிமெண்ட் பூசிய அன்று உள்ளே அடுத்த தலைமுறை இருந்திருக்கும். அதற்குமேல் அதை யோசிக்கப் பிடிக்கவில்லை.

(ஆண் தேனீக்களுக்கு அந்த வளையும் கிடையாது. சாயங்காலம் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். அந்தக் குச்சிகளையும் நான்தான் ஒடித்துப் போட்டேன், அசிங்கமாக இருக்கிறதென்று.)

பழி முழுவதும் சிமெண்டுக்கு என்று சொல்லவும் முடியாது. கத்திரியில் சூல்தண்டு (மகரந்தத்தை நுனியில் வாங்கிக்கொள்ளும் நடுத்தண்டு) குட்டையான பூக்கள் எப்படியும் பெரும்பாலும் உதிரும். வெயில் மிஞ்சினால் மகரந்தமே வீரியம் இழந்துவிடும். தேனீ வந்து குலுக்கியும் பலன் இருக்காது. அந்த வருஷம் வெயிலும் மோசம். இதுதான் இந்த விஷயத்தில் என்னைக் குழப்புகிறது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருகிறது, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

காலம் தப்பினாலும் இதே கதைதான். ஜப்பானில் ஹொக்கைடோ காடுகளில், பனி உருகியதும் பூக்கும் கோரிடாலிஸ் என்ற சிறு செடி இருக்கிறது. அதற்கு வாடிக்கையாளர் பம்பிள்பீ ராணி, மண்ணுக்குள் குளிர்காலம் கழிக்கிற குண்டுத் தேனீ. பனி சீக்கிரம் உருகும் வருஷங்களில் பூ முந்திக்கொள்கிறது, ராணி அந்த வேகத்தில் எழுந்து வருவதில்லை. அந்த வருஷம் விதை குறைந்துவிடுகிறது. சுருதி இரண்டும் சரி, தாளம் மட்டும் தப்பினால் கச்சேரி என்னாகும்?

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் கார்லின்வில் என்ற ஊரில் சார்லஸ் ராபர்ட்சன் என்பவர், 1800களின் கடைசியில், எந்தப் பூவுக்கு எந்தத் தேனீ வருகிறது என்று வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதி வைத்தார். சுமார் 120 வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அதே காட்டுப் பூக்களுக்குத் திரும்பப் போனார்கள். அவர் கண்ட தேனீ இனங்களில் பாதி இல்லை. காடு போய் வயலானதும், வெப்பநிலை மாறியதும் காரணம் என்கிறார்கள். அந்த மனிதர் உட்காராமல் போயிருந்தால் எது காணாமல் போனது என்றே தெரிந்திருக்காது. என் கொல்லையில் யாரும் எழுதி வைக்கவில்லை. என் காதில் ஒரு கீச்சல் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் நான் செய்தது: பழைய எலெக்ட்ரிக் டூத் பிரஷை எடுத்து, பூவின் காம்பில் அதன் முதுகை வைத்து இரண்டு நொடி ஓடவிட்டேன். மஞ்சள் தூள் நகத்தில் கொட்டியது. ஐந்து செடியில் பதினோரு பிஞ்சு நின்றது. தினமும் காலை முக்கால் மணி நேரம் போனது, ஒரு தேனீ போகிற போக்கில் செய்கிற வேலைக்கு.

போன வருஷக் கடைசியில் உளியை வைத்து, சிமெண்டில் ஒரு பாய் அளவுக்குப் பெயர்த்தேன். காய்ந்த குச்சிகளையும் அப்படியே விட்டிருக்கிறேன். இந்தத் தேனீக்கள் ரொம்பத் தூரம் போகிற ரகமில்லை, அநேகமாகச் சில நூறு மீட்டர்தான். பக்கத்தில் எங்காவது மிச்சம் இருந்தால்தான் வரும். முதலில் எறும்பு வந்தது. போன வாரம் ஒரு ஓரத்தில் பென்சில் கனத்தில் ஓர் ஓட்டை, வாயருகே புதுமண் சிறு குவியலாக. குளவியாகவும் இருக்கலாம். நேற்று அரை மணி நேரம் பக்கத்தில் குந்தியிருந்தேன்; உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை.