நீட் உயிரியல்: இதயத்துடிப்புப் பாடத்தில் நரம்பை அறுத்துப் படியுங்கள்

ரிசல்ட் வந்து இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். நினைத்த மதிப்பெண் வந்துவிட்டது. உடற்செயலியலில் எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: "இதை அறுத்தால் என்ன ஆகும்?"

நான் போன கோச்சிங்கில் "பரிவு நரம்பு கூட்டும், இணைப்பரிவு நரம்பு குறைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை. அந்த வரியை மட்டும் நம்பினால் கூற்று-காரணம் கேள்வியில் கை நடுங்கும்.

இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்க வைக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 72தானே வருகிறது? மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு (இதுதான் அந்த இணைப்பரிவு நரம்பு) அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வேகஸை அறுத்தால் துடிப்பு ஏறும். பரிவு நரம்பை அறுத்தால் இறங்கும். இரண்டையும் அறுத்தால் 100-ஐ ஒட்டி வந்து நிற்கும். அறுவையில் இரண்டு நரம்பும் அறுந்துவிடுவதால்தான் மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு ஓய்விலும் நாடி வேகமாக இருக்கிறது.

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டில்தான் படித்தேன். மத்தியான வெயிலுக்கு வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைகிறது, மெல்ல விடும்போது தளர்கிறது. வேகஸின் பிடி விடுவதும் இறுகுவதும்தான் அது. அப்பத்தா கையைப் பிடித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. வயது ஏற ஏற இது குறைந்துவிடும். நீங்களும் பிடித்துப் பாருங்கள், அப்புறம் மறக்கவே மறக்காது.

விடாமல் பார்க்க வேண்டியவை:

- நரம்பு முனையில் சுரக்கும் வேதிப்பொருள்: வேகஸுக்கு அசிடைல்கோலின், பரிவு நரம்புக்கு நார் அட்ரினலின்.
- ஓட்டோ லோவி, 1921: ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்துக்கு மாற்றினார். அதுவும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு.
- கரோட்டிட் சைனஸ் (கழுத்துத் தமனியில் இருப்பது), பெருந்தமனி வளைவு: அங்கே இரத்த அழுத்தம் ஏறினால் முகுளத்துக்குச் செய்தி போகும், துடிப்பு குறையும்.
- நரம்பு அறுந்தாலும் அட்ரினல் மெடுல்லாவின் (சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியின் உட்பகுதி) அட்ரினலின் இரத்தம் வழியாக வந்து சேரும். மாற்று இதயம் படி ஏறும்போது தாமதமாகவாவது வேகம் எடுப்பது இப்படித்தான்.

குரூப் ஸ்டடி வேண்டாம் என்பேன். நாலு பேர் சேர்ந்தால் விடையைத்தான் பேசுவார்கள், காரணத்தை இல்லை. தனியாக உட்கார்ந்து, முகுளத்திலிருந்து கணு வரைக்கும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். எங்காவது பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அறுங்கள். என்ன ஆகும் என்று எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அட்ரோபின் கேள்வி வந்தாலும் இதே வழிதான்: அது அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து, அதனால் வேகஸை மருந்தால் அறுத்த மாதிரி.