வீக்கன் கேள்வியும் மூன்றே முக்கால் மார்க்கும்

ஒருவழியாக சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதி முடித்துவிட்டேன். விண்ணப்பம், ஹால் டிக்கெட் எதிலும் சிக்கல் வரவில்லை. என்னைப் படுத்தி எடுத்தது லாஜிக்கல் ரீசனிங்கில் வரும் 'வீக்கன்' கேள்விகள்தான். பத்தியில் உள்ள வாதத்தை எந்த ஆப்ஷன் பலவீனமாக்கும் என்று கேட்பவை அவை.

முதல் மாக் டெஸ்டில் அந்தப் பகுதிக்கு 24 கேள்விகள். 9 சரி, 15 தப்பு. தப்புக்குக் கால் மார்க் வீதம் 3.75 போக, கையில் நின்றது 5.25. ஞாயிறுதோறும் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி கோச்சிங் போனதற்கு இதுதான் பலன்.

பாதிப் பழி அங்கிருந்த ஒரு சாருக்கு. "ஆல், நெவர்னு ஒரு ஆப்ஷன்ல வந்தா யோசிக்காம அதை அடிச்சு நீக்கிடு" என்றார். பத்தியிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்டால் அது ஓரளவு உதவும். வீக்கன் கேள்வியில் 'இஃப் ட்ரூ' என்று போட்டிருப்பார்கள். ஆப்ஷனை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கவேண்டும். அப்போது அழுத்தமான ஆப்ஷனின் அடிதான் பலமாக விழும். 'சம்' என்று பம்முவது பெரும்பாலும் எதையும் அசைக்காது. நான் சரியான விடைகளைத் தேடித் தேடி அடித்து நீக்கிக்கொண்டிருந்தேன்.

மீதிப் பழி எனக்கு. கூடப் படித்தவன் ஒரு வீக்கன் கேள்வி போட்டான்: 'ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீடுகள் கோடையிலும் குளுமையாக இருக்கின்றன. ஆகவே புது ஃபிளாட்டில் அந்தக் கல்லைப் பதித்தால் ஏசி வேண்டாம்.' நான் உடனே, "எங்க வீட்டுல மே மாசம் உட்கார்ந்து பாரு, வேர்த்து ஊத்தும்" என்றேன். பத்தி சொன்ன தகவலோடேயே சண்டை! அடுத்து, கல்லின் விலை ஏறிவிட்டது என்ற ஆப்ஷனைத் தொட்டேன். விலைக்கும் குளுமைக்கும் என்ன சம்பந்தம்? விடை வேறு: அந்த வீடுகள் எல்லாவற்றிலும் திறந்த வளவும் உயரமான கூரையும் தடித்த சுவரும் உண்டு. குளுமை அவற்றால் வந்திருக்கலாம் அல்லவா? கல் குளுமை தராது என்று நிரூபிக்கவேண்டியதில்லை, கல்லிலிருந்து ஏசிக்குத் தாவிய தாவலில் சந்தேகம் வந்தால் போதும்.

அப்புறம் பத்திக்கு முன்பு கேள்வியைப் படிக்கப் பழகினேன். 'எக்செப்ட்' (இவற்றில் எது பலவீனமாக்காது என்று கேட்பது) வந்தால் வட்டம் போட்டுவிடுவேன். அது தெரியாமல் போன மார்க்கும் உண்டு. இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே மாட்டினால், முடிவை நேராகத் தொடுவது எது என்று மட்டும் பார்ப்பேன். 120 நிமிடத்தில் 120 கேள்வி, அதற்குமேல் யோசிக்க நேரம் ஏது?

கடைசி மாக்கில் 24க்கு 19 சரி. அந்த வாரமே அப்பத்தா, "பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சான், பாஸாயிட்டான். நீயும் எந்திரி" என்றார்.

"போன வருஷமும் நாலு மணிக்குத்தான எந்திரிச்சான் அப்பத்தா, அப்ப ஏன் ஃபெயிலானான்?"

"வாய் மட்டும் வக்கீலாயிருச்சு" என்று காபி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.