வருஷக் கணக்கா, மாசக் கணக்கா: மைக்ரோசாஃப்ட் 365 விற்கத் தொடங்கிய அனுபவம்

திருப்பூரில் எங்களுடையது கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடை. வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டுத்தான், வேர்டு, எக்செல், மெயில் எல்லாம் சேர்ந்து வரும் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவும் விற்க ஆரம்பித்தோம். மைக்ரோசாஃப்டிடமே நேரடியாக வாங்கி விற்பது எங்களைப் போன்ற கடைகளுக்கு எட்டாது. 2025 அக்டோபரிலிருந்து அதற்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வியாபாரம் காட்ட வேண்டும். மிச்சம் இருக்கும் வழி இன்டைரக்ட் ரீசெல்லர். ரெடிங்டன், இன்கிராம் மைக்ரோ மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் நமக்கு பில் போடுவார், நாம் வாடிக்கையாளருக்குப் போடுவோம்.

மைக்ரோசாஃப்டிடம் ரீசெல்லராகப் பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. ஜிமெயில் செல்லாது, சொந்த டொமைனில் மெயில் வேண்டும். நிறுவனப் பெயரும் விலாசமும் ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ளபடியே இருந்துவிட்டால் சரிபார்ப்பில் இழுபறி வராது.

தலைவலி சீட் கணக்கில்தான். ஒரு ஆள் பயன்படுத்த ஒரு சீட். ஒரு பனியன் கம்பெனி முதலாளி கேட்டார்: "ஏனுங்க, ஆர்டர் முடிஞ்சா பத்துப் பேரு போயிருவாங்க. அவங்களுக்கும் வருஷம் முழுக்கக் கட்டோணுங்களா?" வருஷ சந்தா என்றால் கட்டத்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2022-ல் கொண்டுவந்த புது முறையில், வாங்கிய ஏழு நாளுக்குள் சீட்டைக் குறைக்கலாம், ரத்து செய்யலாம். அதைத் தாண்டினால் புதுப்பிக்கும் தேதி வரை சீட்டைக் கூட்டலாமே தவிர குறைக்க முடியாது. மாத சந்தாவில் மாதாமாதம் குறைக்கலாம், ஆனால் விலை 20% கூட. அவர் மேசையிலேயே கால்குலேட்டரைத் தட்டினோம். பத்து மாதம் மாசக் கணக்கில் கட்டினால் ஒரு வருஷக் காசு போய்விடுகிறது. பத்து மாதத்துக்குக் குறைவாக இருக்கும் ஆளுக்கு மாத சந்தா, நிரந்தர ஆளுக்கு வருஷ சந்தா என்று பிரித்துக் கொடுத்தோம். மனுஷன் முகம் தெளிந்தது.

அடுத்த கேள்வியும் அவருடையதுதான்: "எங்க மெயிலெல்லாம் நீங்க படிப்பீங்களா?" நியாயமான சந்தேகம். சந்தா விற்பதற்கு அட்மின் அனுமதியே, அதாவது வாடிக்கையாளரின் கணக்குக்குள் போய் நிர்வகிக்கும் உரிமையே, தேவையில்லை. சப்போர்ட்டுக்கு வேண்டுமானால் இன்னின்ன வேலைக்கு மட்டும் என்று வரம்பு போட்டு, அதிகபட்சம் 730 நாளுக்குத் தரலாம். பாஸ்வேர்டு மாற்றவும் யூசர் சேர்க்கவும் மட்டும் வாங்கிக்கொண்டோம்.

புதிதாக இறங்குகிறவர்கள் லாப சதவீதத்தைவிடக் கடனைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன். இந்த ஊரில் பில் போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் வருவது சகஜம். டிஸ்ட்ரிபியூட்டர் அதுவரை பொறுக்க மாட்டார். வாடிக்கையாளர் கட்டவில்லை என்று சந்தாவை நிறுத்தி வைத்தாலும் வருஷ ஒப்பந்தத்துக்கான பில் நம் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எங்களிடம் வருஷ சந்தா என்றால் முழுப் பணமும் முன்கூட்டியே, முடியாதென்றால் மாசக் கணக்கு. 20% கூடுதல் என்றதும் பெரும்பாலும் செக் புக் வெளியே வந்துவிடுகிறது.