காடுகோடி வீட்டு வாடகையும் என் ஓய்வுக்காலமும்

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், என்னைவிடப் பதினான்கு வயது இளையவர், சென்ற வாரம் என்னிடம் யோசனை கேட்டார். "அண்ணா, ரிடையர் ஆவதற்குள் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால், பிறகு அந்தப் பணத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாம் அல்லவா? நீங்கள் அப்படித்தானே இருக்கிறீர்கள்?" நடந்துகொண்டே பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியாக அது இல்லை. ஆகவே பத்து ஆண்டுக் கணக்கு நோட்டை எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

2015இல், 58 வயதில், ஒரு தனியார் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டிக்கு அப்போது சட்ட உச்சவரம்பு 10 லட்சம். எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் இ.பி.எஸ். (பி.எஃப். சார்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்) பென்ஷனை 2014 செப்டம்பர் வரை 6,500 ரூபாயையும் அதன்பின் 15,000 ரூபாயையும் உச்சமாக வைத்தே கணக்கிட்டதால், எனக்கு மாதம் 3,000 ரூபாய்கூட வரவில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அந்த ஆண்டு 9.3% வட்டி தந்தது என்றாலும், ஒருவர் 15 லட்சத்துக்கு மேல் அதில் போட முடியாது. மீதிப் பணத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் எங்கள் தாய்மாமா.

மாமா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஸ்ரீராமபுரத்தில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் கீழே நான்கு போர்ஷன், மாடியில் தமக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டு, மில் வேலை போன பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நான்கு வாடகையில்தான் குடும்பத்தை நடத்தினார். ஐந்தாம் தேதி மாலை, கையில் ஒரு சின்ன நோட்டுடன் மாடிப்படியில் இறங்கி வருவார். ஒரு வீட்டில் பணம் வராவிட்டாலும் மற்ற மூன்றில் வந்துவிடும். குழாய் ஒழுகினால் அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவார். குடித்தனக்காரர் எவரும் அவர் கண்ணில் படாமல் காலி செய்துவிட்டுப் போக முடியாது. அந்த மனிதரைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், வீட்டு வாடகை என்பது வானத்திலிருந்து தவறாமல் விழும் பென்ஷன் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆகவே ஒயிட்ஃபீல்டை ஒட்டிய காடுகோடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை 48 லட்சத்துக்கு வாங்கினேன். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 52 லட்சம். அலமாரி, சமையலறை வேலைகளுக்கு இன்னொரு 3 லட்சம். (பதிவுக் கட்டணத்தைக் கர்நாடக அரசு 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்திவிட்டதால், என் நண்பருக்கு இந்தச் செலவு இன்னும் கூடும்.) முதல் வாடகை 16,000. நான்கு ஆண்டுகள் ஓரளவு ஒழுங்காக வந்தது. 2020இல் ஐ.டி. நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும், குடியிருந்த இளம் தம்பதியர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு ஏழு மாதம் பூட்டிக்கிடந்தது. அந்த ஏழு மாதமும் ஃபிளாட் உரிமையாளர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் மட்டும் நிற்கவில்லை. மறுபடியும் ஆள் வந்தபோது 14,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். 2022க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. 2023 மார்ச்சில் ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோ வந்ததும் உதவியது. இன்று 31,000 வருகிறது.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நண்பர் பார்க்கிறார். அதே அளவு ஃபிளாட் இன்று 95 லட்சம் என்பதால், ஆண்டு வாடகை 3.72 லட்சம் என்பது விலையில் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சொத்து வரியைக் கழிக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைவிட வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அது கூடுதல். ஆள் மாறும்போதெல்லாம் காலியாகக் கிடக்கும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ, தரகருக்கு ஒரு மாத வாடகை, பெயிண்ட், கீசர், மோட்டார் என்று எல்லாம் போக எனக்கு நிற்பது ஆண்டுக்கு 3 லட்சம். பெயிண்டுக்காக ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பெங்களூர் வழக்கம் என்பது உண்மையே. ஆனால் பெயிண்டர் கேட்கும் கூலிக்கு அது போதுவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மூத்த குடிமக்கள் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சமாகியிருக்கிறது. இப்போதைய வட்டி 8.2%. கணவன், மனைவி இருவரும் ஆளுக்கு 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,23,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 41,000, கணக்கில் வந்து விழுகிறது. கீசர் பழுதாவதில்லை. புதிய வருமான வரி முறையில் அந்த வட்டி முழுவதற்கும் வரி உண்டு, வாடகையிலோ 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டினால் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டித்தொகை ஐந்து ஆண்டுக்கும் அப்படியே இருக்கும். வாடகை ஏறும், வீட்டின் விலையும் ஏறும். ஆனால் எவ்வளவு ஏறியது என்று பார்த்தேன். மொத்தம் போட்ட 55 லட்சம் பத்து ஆண்டில் 95 லட்சமானது ஆண்டுக்கு ஏறத்தாழ 5.6%. முதல் ஐந்து ஆண்டுகளில் விலை அசையவே இல்லை. மாமாவின் சைட் ஏறியதைப்போல இது ஏறாததற்குக் காரணம் எளிது: அவரிடம் இருந்தது 1,200 சதுர அடி மண், என்னிடம் இருப்பது ஆண்டுதோறும் பழசாகும் கட்டடத்தில் ஒரு பகுதியும், நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு சிறு பங்கும்.

நண்பரோ கடன் வாங்கப் போகிறார். 60 லட்சத்துக்கு 8% வட்டியில் 15 ஆண்டு என்றால் மாதத் தவணை 57,000க்கு மேல். வாடகை 31,000 வந்தால் மீதி 26,000 தம் பையிலிருந்து போக வேண்டும். அவருக்கு 54 வயது. தவணை முடியும்போது 69 ஆகியிருக்கும். புதிய வருமான வரி முறையில், வாடகையைவிட வட்டி அதிகமாகி வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகனும் இதே சங்கடத்தைச் சொன்னான். அங்கே கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டே ஓய்வுக்காலத்தை நடத்தலாம் என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு இரண்டாம் நிதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, 2017க்கும் 2020க்கும் இடையில், வட்டியை வாடகையில் கழிக்கும் சலுகையைப் படிப்படியாக எடுத்துவிட்டு 20% வரித்தள்ளுபடியாகச் சுருக்கிவிட்டது. நம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் வட்டிக் கழிவைக் கொடுத்த பிரிவின் எண்ணும் 24தான்! ஒரே எண் ஓர் ஊரில் கொடுத்தது, இன்னோர் ஊரில் பறித்தது.

பணக்கணக்கை எப்படியும் போட்டுவிடலாம். நான் கணக்கில் எடுக்காமல் விட்டது உழைப்பை. 2024 மார்ச்சில் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறியபோது, அதை யார் கொடுப்பது என்று குடித்தனக்காரருக்கும் எனக்கும் இரண்டு மாதம் பேச்சு நீண்டது. மெட்ரோ வருவதற்கு முன் ஒருமுறை போய்வரப் பாதி நாள் ஆகும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம், போலீஸ் சரிபார்ப்பு, அட்வான்ஸ் பேரம். அந்த அட்வான்ஸும் நம் பணம் அன்று. ஆறு மாதமோ பத்து மாதமோ வாங்கி வைத்திருப்பதை ஒருநாள் திருப்பித் தர வேண்டும். மாமாவே ஒருமுறை அதை எடுத்துக் கல்யாணச் செலவுக்குப் போட்டுவிட்டு, திருப்பித் தர அத்தையின் வளையலை அடகு வைத்தார். 2022இல் என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு உடனடியாகப் பணம் தேவைப்பட்டபோது, நாங்கள் உடைத்தது வங்கி வைப்புத்தொகையைத்தான். அவ்வளவு பெரிய வீடு அன்று ஒரு ரூபாய் தரவில்லை.

வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு மேல் ஒரு போர்ஷன் கட்டி விட முடிகிறவர்களுக்கு மாமாவின் வழி இன்றும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். தூரத்தில் ஒரு ஃபிளாட் வாங்குகிறவர், 75 வயதில் அங்கே யார் போய் நிற்பார்கள் என்பதை இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். என் மகள் புனேயில் இருக்கிறாள். "அப்பா, அந்த வீட்டை என் தலையில் கட்டிவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது இருப்பவர் பிப்ரவரியில் காலி செய்கிறார். இந்த முறை டு-லெட் பலகை மாட்டப்போவதில்லை. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால், விற்கும் லாபத்துக்கான வரியில் பணவீக்கத்தைச் சரிக்கட்டும் பழைய 20% கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்: 52 லட்சத்துக்கு வாங்கியதை 95க்கு விற்றால் புதிய 12.5% கணக்கில் வரி 5.4 லட்சம், பழையதில் 3.6 லட்சம், வரியின் மேல் போடும் செஸ் தனி. ஆடிட்டரிடம் சரிபார்த்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் நண்பர் கேட்ட முதல் கேள்வி, "எனக்கே கொடுத்துவிடுகிறீர்களா, அண்ணா?" என்பதுதான்.