எந்த நாடு என்பது பிறகு, முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

மாங்குளத்தில் இருந்துகொண்டு கென்யாவுக்கும் பிரேசிலுக்கும் காட்டுப் பயணம் ஒழுங்கு செய்துகொடுக்கிறேன் என்றால் ஊரில் பலர் நம்புவதில்லை. அம்மா இன்னமும் நம்பவில்லை. “யானையப் பாக்கக் காசு குடுத்தோ போகினம்?” என்று கேட்பார். வயலுக்குள் யானை இறங்கினால் நள்ளிரவில் எழும்பி யானைவெடி கொளுத்துகிற வீடு எங்களுடையது. அவர் கேட்பது நியாயம்தான்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள். எல்லோரும் நாட்டில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். “ஆபிரிக்கா போகவேணும்” என்பார்கள். எந்த மிருகம், எந்த மாதம் லீவு என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது தண்ணீர். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆவணி, புரட்டாதியில் குளம் இறங்க இறங்க, மிஞ்சிய தண்ணீரைச் சுற்றித்தான் எல்லாம் வந்து நிற்கும். மின்னேரியாக் குளத்தில் யானைகள் கூடுவதும் அந்த நாட்களில்தான். வற்றிய கரையில் முளைக்கும் புல்லுக்காக அவை வருகின்றன. குளத்தை நிறைத்தே வைத்திருக்கும் ஆண்டில் புல்லும் இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை.

பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்திலும் இதே கணக்குத்தான். மழைக்காலத்தில் சமவெளி முழுக்க வெள்ளம். ஜாகுவார் எங்கே என்று யார் தேடுவது? யூலையில் இருந்து ஒக்ரோபர் வரை ஆறுகள் ஒடுங்கியிருக்கும். அப்போது போர்ட்டோ ஜோஃப்ரேயில் படகில் போனால், ஆற்றங்கரையில் முதலைக்குப் பதுங்கியிருக்கும் ஜாகுவாரைப் படகில் இருந்தபடியே பார்க்கலாம். ஏப்ரல் மாதம்தான் லீவு என்றால் பந்தனாலை விட்டுவிடுங்கள். இந்தியாவின் புலிக் காடுகளுக்குப் போங்கள். அங்கே வெயில் கொளுத்தும், ஆனால் புலி தண்ணீருக்கு வந்தே ஆகவேண்டும்.

இப்போது என் மேசையில் இருப்பது ரொறன்ரோ அண்ணா ஒருவரின் குடும்பம். அவர், அண்ணி, 13 வயது மகள், 74 வயது அம்மம்மா. “தங்கச்சி, பிள்ளைக்குக் கொரில்லா பாக்கவேணுமாம். சிங்கமும் வேணும். முடிச்சுக்கொண்டு நல்லூர்த் தேருக்கு ஊருக்கு வரவேணும்” என்று வட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தார்.

கொரில்லாவை உடனேயே வெட்டிவிட்டேன். ருவாண்டாவிலும் உகண்டாவிலும் மலைக் கொரில்லா பார்க்க 15 வயது நிறைந்திருக்கவேண்டும். ருவாண்டாவில் அனுமதிக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 1,500 டொலர், பார்க்கக் கிடைப்பதோ ஒரு மணித்தியாலம். அதற்கு மலையேறி நடக்கவேண்டும், அம்மம்மாவின் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது.

தேரை ஒட்டி ஓகஸ்ட் என்றால் சிங்கத்துக்குக் கென்யாவின் மசாய் மாராதான். தான்சானியாவின் செரெங்கெட்டியில் இருந்து மழையையும் புல்லையும் தேடி வரும் வில்டபீஸ்ட் என்ற மான் இனக் கூட்டம் அந்த மாதங்களில் மாரா ஆற்றைக் கடக்கும். எந்த நாள் கடக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து நிற்கும். முன்னுக்கு நிற்பது வெருண்டு திரும்பினால் பின்னால் நிற்பவை எல்லாம் திரும்பிவிடும், பிறகு பின்னேரம் வரை ஒன்றும் நடக்காது. ஆகவே இரண்டு இரவுப் பக்கேஜ் காசுக்குக் கேடு. ஆற்றுக்குக் கிட்ட ஒரே முகாமில் நான்கு இரவு, வேறு ஆட்கள் ஏறாத தனி ஜீப். பகிர்ந்த ஜீப்பில் மற்றவருக்குப் பசித்தால் நீங்களும் திரும்பவேண்டும். இதற்குக் காசு காணாது என்றால் நீச்சல்தடாகம் இருக்கும் லொட்ஜை வெட்டுங்கள், நாட்களை வெட்டாதீர்கள்.

அண்ணாவிடம் பெரிய லென்ஸ் இருக்கிறது. முக்காலியை ஜீப்புக்குள் விரிக்க இடம் வராது. ஒரு தடித்த துணிப்பையை வெறுமனே கொண்டுபோய், அங்கே அரிசியோ அவரையோ வாங்கி நிரப்பி, ஜீப்பின் விளிம்பில் வைத்து லென்ஸை அதன்மேல் அமுக்கினால் போதும்.

மகள் பூநாரை பார்க்க நக்குரு ஏரியும் கேட்டாள். நக்குருவில் தண்ணீர் ஏறிய பிறகு பூநாரைகள் பெருமளவு போகோரியா ஏரிப் பக்கம் போய்விட்டன. பூநாரைக்காக அவ்வளவு தூரம் ஓடத் தேவையில்லை என்று சொன்னேன். இன்னொரு முறை தை மாதத்தில் வந்தால் வங்காலைக்குக் கூட்டிப்போவேன். 2010 இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம், மன்னார்த் தாம்போதிக்குப் பக்கத்தில். விடியப்புறம் போனால் பூநாரை தீன் தின்பதை வடிவாகப் பார்க்கலாம். தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பக்கம் கீழே போக, கால்களால் சேற்றைக் கிளறிக்கொண்டு ஒரே இடத்தில் வட்டம் போடும். நாரை என்றால் கல்லுப்போல நிற்கும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்கவேண்டும்.

நல்லூர்த் தேர்தான் சிக்கலான பகுதி. கென்யாவில் இருந்து நேரே இலங்கைக்கு வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும். 60 வயதுக்கு மேல் முதற்தடவை போடுவதில் ஆபத்துக் கொஞ்சம் கூட, அம்மம்மாவுக்குப் போடலாமா என்று டொக்டர்தான் சொல்லவேண்டும். அவர் மறித்தால் வரிசையை மாற்றி, முதலில் தேர், பிறகு கென்யா, அங்கிருந்து நேரே கனடா. கென்யாவுக்குள் நுழைய அவர்களிடம் என்ன கேட்பார்கள் என்பதையும் அதே டொக்டரிடம் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் வரும்வரை விமானச் சீட்டு வாங்கவேண்டாம்.

நைரோபியில் இருந்து மாராவுக்குச் சின்ன விமானம். றோட்டால் போனால் அம்மம்மாவின் இடுப்புத் தாங்காது. அந்த விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மென்மையான துணிப்பையில். சில்லுப் பெட்டி ஏற்றமாட்டார்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்ரிக் பைக்கும் தடை, சொப்பின் பையில் சுற்றிக் கட்டுகிற எங்கள் பழக்கம் அங்கே சரிவராது. அம்மம்மா மிளகாய்த்தூள் கொண்டுபோகாமல் கிளம்பமாட்டாவாம். எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அதையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.